நெப்போலியனின் வீரர்கள் பனியில் எதை உடுத்திச் சென்றார்கள்?

கேள்வி: குமிழி

பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்துபவன் நான். தனிமங்களின் புறவேற்றுமை வடிவங்களை, அதாவது ஒரே தனிமம் எடுக்கும் வெவ்வேறு வடிவங்களைச் சொல்லித் தரும்போது, 1812இல் மாஸ்கோவிலிருந்து திரும்பிய நெப்போலியனின் வீரர்களுடைய வெள்ளீயப் பொத்தான்கள் கடுங்குளிரில் பொடியாக உதிர்ந்துபோயின, சட்டையை மூட வழியின்றி அவர்கள் விறைத்து மாண்டார்கள் என்ற கதையைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். தூங்கி வழியும் வகுப்பும் அந்தக் கதைக்கு நிமிர்ந்து உட்காரும். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, “பொத்தான் போனால் கயிற்றால் கட்டிக்கொள்ள மாட்டார்களா, சார்? மேலே போர்த்திக்கொள்ள வேறு ஒன்றுமே இல்லையா?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் அவர்கள் கோடைக்காலச் சீருடையோடு ரஷ்யாவுக்குள் போனார்கள் என்று எழுதியிருக்கிறது; இன்னோரிடத்தில் ஓவியங்களில் எல்லாரும் நீண்ட அங்கியோடு நிற்கிறார்கள். அந்தக் காலத்துப் படைவீரன் ஒருவன் குளிரில் உடம்போடு ஒட்டிய சட்டையிலிருந்து மேலங்கி வரை என்னவெல்லாம் அணிந்திருந்தான், ரஷ்யர்களிடம் அதைவிட மேலானது ஏதும் இருந்ததா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு நேர்மையாகப் பதில் சொல்வேன்.

பதில் 1: அருங்கலம்

ஐயா, பொத்தானுக்குப் பிறகு வருவோம். கோடைச் சீருடை என்ற பேச்சை முதலில் தீர்த்துவிடலாம். அந்நாளைய பிரெஞ்சுக் காலாட்படையில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு முழுச் சீருடைகள் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே கம்பளிக் கோட்டுதான். பருவத்துக்கு ஏற்ப மாறியவை இடுப்புக்குக் கீழே உள்ளவை: கோடையில் வெள்ளை லினன் கால்சட்டையும் வெள்ளைத் துணி கெய்ட்டர்களும், குளிர்காலத்தில் கம்பளிக் கால்சட்டையும் கறுப்புக் கம்பளி கெய்ட்டர்களும். கெய்ட்டர் என்பது காலணியின் மேற்புறத்தையும் கெண்டைக்காலையும் மூடி, பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான் இடும் துணியுறை. காலணிக்குள் பனியும் கல்லும் புகாமல் காப்பது அதுதான்.

உடம்பிலிருந்து வெளியே நோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், முதலில் லினன் சட்டை. அதன்மேல் கைவைத்த கம்பளி உள்மேலாடை. அதன்மேல் நாம் படங்களில் காணும் நீலக் கோட்டு. இந்த நீலக் கோட்டின் வெட்டைக் கவனியுங்கள். மார்பில் வெள்ளை மடிப்புகளோடு கம்பீரமாகத் தெரியும். ஆனால் மார்புக்குக் கீழே இருபுறமும் சாய்வாக வெட்டப்பட்டு வயிறு திறந்தே கிடக்கும், பின்னால் மட்டும் இரண்டு வால்கள் தொங்கும். அணிவகுப்பில் பார்க்க அழகு; குளிருக்கு ஒத்துவராது. இடுப்புவரை முன்புறம் மூடிப் பொத்தான் இடும்படி கோட்டை மாற்றச் சொல்லும் விதிமுறை 1812 ஜனவரியில்தான் வந்தது. அதன்படி தைத்த உடுப்பு, ஜூன் 24 அன்று ரஷ்ய எல்லையான நியெமென் ஆற்றைக் கடந்த வீரர்களில் பெரும்பாலோர் கைக்கு வந்து சேரவே இல்லை.

இனி உங்கள் மாணவி கேட்ட போர்வை. அது இருந்தது. ‘கப்போத்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த முழங்காலைத் தாண்டிய கம்பளி மேலங்கி, 1806 வாக்கில் காலாட்படை முழுவதற்கும் உரிய உடையாகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் இரவுக் காவலுக்கு நிற்பவர்கள் மாற்றி மாற்றி அணிந்துகொள்ளப் பொதுவில் சில அங்கிகள் இருந்தன. மற்றவர்கள் எங்காவது வாங்கியதையோ பறித்ததையோ போட்டுக்கொண்டார்கள். கப்போத்தின் நிறம் கிடைத்த துணியைப் பொறுத்தது: பழுப்பு, சாம்பல், மண் நிறம் என எல்லாம் உண்டு. பேரரசுக் காவற்படைக்கு மட்டும் அடர்நீலம். பயணத்தில் நீலக் கோட்டை முதுகுப்பையில் மடித்து வைத்துவிட்டுக் கப்போத்தை மட்டும் அணிந்து நடப்பது சாதாரண வழக்கம். போர்க்கள ஓவியங்களில் மின்னும் நீலமும் வெள்ளையும் உண்மையான நெடுஞ்சாலையில் அரிதாகவே தென்பட்டிருக்கும்.

நீல நிறத்துக்கே ஒரு சோதனை வந்ததை இங்கே சொல்லலாம். பிரிட்டனின் கடல் முற்றுகையால் அவுரிச் சாயம் கிடைக்காமல் போகவே, 1806இல் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு என்று ஆணையிட்டார்கள். சில படைப்பிரிவுகள் அதை அணியவும் செய்தன. சேறும் இரத்தமும் வெள்ளையில் தெரிந்த கோலம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மறு ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

தலைக்கு, 1806 முதல் ‘ஷாக்கோ’. இறுக்கிய கம்பளியில் செய்து தோலால் மேல்மூடி தைத்த உருளைத் தொப்பி. வாள்வெட்டை ஓரளவு தாங்கும், மழை நீரை வழிந்தோட விடும். காதை மட்டும் மூடாது. அதனால் குளிரில் ஷாக்கோவுக்குள் கைக்குட்டையைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். முகாமில் அணியும் மென்மையான துணித் தொப்பி ஒன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தது. பின்வாங்கலில் ஷாக்கோவை எறிந்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பலர்.

குதிரைப்படையினருக்குக் கப்போத்துக்குப் பதிலாக, ஆளையும் சேணத்தையும் சேர்த்து மூடும் பெரிய மேற்போர்வை. குதிரை உயிரோடு இருந்தவரை அதைப் போன்ற வசதி வேறில்லை. குதிரை செத்த பிறகு அது தரையில் இழுபடும் சுமையாகிவிட்டது. ஹுஸ்ஸார் எனப்படும் இலகுக் குதிரைவீரர்கள் இடது தோளில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கும் மென்மயிர் விளிம்பு வைத்த சிறு கோட்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது உண்மையில் குளிர்கால மேற்கோட்டுதான். குளிர் வந்ததும் இரு கைகளையும் நுழைத்து ஒழுங்காக அணிந்துகொள்வார்கள்.

ஆகவே மாஸ்கோவிலிருந்து கிளம்பியபோது இவர்களிடம் கம்பளி இருந்தது. மத்திய ஐரோப்பாவின் குளிர்காலத்துக்கு, அதாவது ஆஸ்டர்லிட்ஸ் போன்ற டிசம்பர்ப் போர்களுக்கு, அது ஏறத்தாழப் போதும். ரஷ்ய நவம்பருக்கு அது போதவில்லை.

பதில் 2: தையற்காரர் மகன்

அருங்கலம் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் காலைப் பற்றி ஒரு வரியோடு முடித்துவிட்டார். குளிர்காலப் போர்களைப் பற்றி நான் படித்தவரை, வீரனை முதலில் கைவிட்டது காலணி.

பிரெஞ்சுக் காலாட்படை வீரனின் காலணியைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும் தாழ்ந்த தோற்காலணி அது. இடது வலது வேறுபாடு கிடையாது; இரண்டும் ஒரே நேர்அச்சில் தைத்தவை. ஒரே பக்கம் தேயாமலிருக்கக் கால் மாற்றி அணியச் சொல்வார்கள். அடித்தோலில் தலை பெருத்த இரும்பாணிகள் வரிசையாக அறையப்பட்டிருக்கும். கல்பாவிய சாலைக்கு அந்த ஆணிகள் தேய்மானத்தைத் தடுக்கும். பனிக்கட்டியில் அவையே சறுக்கும், போதாததற்குக் குளிரை நேராக உள்ளங்காலுக்குக் கடத்தும். உள்ளே காலுறை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கொழுப்பு தடவிய கந்தல் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் காலணி ஆயிரம் கிலோமீட்டருக்கு நீடிக்காது என்பது தளபதிகளுக்குத் தெரியும். அதனால்தான் உடைமைகளில் கண்டிப்பான மார்ஷல் தாவூ, தம் படையின் ஒவ்வொரு வீரனின் முதுகுப்பையிலும் மாற்றுக் காலணிகளோடு உபரி அடித்தோலும் ஆணியும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மாஸ்கோவுக்குப் போகும்போதே அதில் பெரும்பகுதி தேய்ந்து தீர்ந்திருக்கும்.

என் தந்தை கம்பளிக் கோட்டு தைத்தவர். நனைந்த கோட்டை அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் எங்களுக்கு அடி விழும். நன்றாக அடித்து இறுக்கிய கம்பளித் துணி ஈரமானாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டு நெருப்பில் காட்டினால் சுருங்கி, கருகி, தொட்ட இடத்தில் கிழியும். நனைந்த தோலோ இன்னும் மோசம். சூட்டில் விறைத்துப் பிளந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் திறந்தவெளியில் நெருப்பைச் சுற்றிப் படுத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை நினைத்துப் பாருங்கள். நெருப்பின் பக்கம் இருந்த பாதி கருகும், மறுபாதி உறையும். அந்தப் பின்வாங்கலைப் பற்றி எழுதியவர்களின் பக்கங்களில் கருகிய அங்கிகளும் எரிந்துபோன காலணிகளும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

கைக்கு வருவோம். சாதாரணக் காலாட்படை வீரனுக்கு வழங்கப்பட்ட உடைகளில் கையுறை இல்லை. வெறுங்கையால் துப்பாக்கிக் குழலைப் பிடித்தால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் குளிர் அது. விரல் மரத்துப்போனவனால் கால்சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றவோ மாட்டவோ முடியாது. ‘பொத்தான் இல்லாமல் திண்டாடினார்கள்’ என்ற கதைக்குள் ஏதாவது உண்மை இருக்குமானால் அது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

காலணிதான் முதல் குற்றவாளி என்பதற்கு ரஷ்யாவை விட்டு வெளியே ஒரு சான்று தருகிறேன். 1808 டிசம்பரிலிருந்து 1809 ஜனவரி வரை ஸ்பெயினின் கலீசிய மலைகளின் வழியே ஜெனரல் மூரின் பிரிட்டிஷ் படை கொருன்னா துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. அவர்களுக்கு நல்ல சாம்பல்நிற மேலங்கிகள் இருந்தன. காலணிகள் வழியிலேயே பிய்ந்துபோயின. பனியிலும் சேற்றிலும் வெறுங்காலோடு, இரத்தத் தடம் பதித்து நடந்தார்கள். ரஷ்யக் குளிரில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. மேலங்கி இருந்தும் படை குலைந்தது.

குமிழி:

இருவருக்கும் நன்றி. நேர்அச்சுக் காலணி பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு ஐயங்கள். இவ்வளவு விவரம் தெரிந்த படை, மாஸ்கோவில் ஐந்து வாரம் தங்கியபோது ஏன் குளிருடை தைத்துக்கொள்ளவில்லை? சாலையில் இறங்கிய பிறகு உண்மையில் எதைத்தான் போர்த்திக்கொண்டார்கள்?

பதில் 3: அருங்கலம்

எச்சரிக்கை செய்ய ஆள் இருந்தார். ரஷ்யாவில் தூதராக இருந்து அந்த ஊரின் குளிரை நேரில் அறிந்த கோலென்கூர், ஆட்டுத்தோல் மேலாடை, மென்மயிர் வைத்த கையுறை, காது மூடும் தொப்பி, கனத்த காலணி ஆகியவை இல்லாமல் இந்தப் படை தாங்காது என்று மாஸ்கோவிலேயே பேரரசரிடம் சொன்னதாகத் தம் நினைவுக்குறிப்புகளில் பதிந்திருக்கிறார். அவ்வாண்டு அக்டோபரோ வழக்கத்துக்கு மாறாக இதமாக இருந்தது. இங்குள்ள இலையுதிர்காலம் பிரான்சின் ஃபோன்தென்ப்ளோவைவிட நன்றாக இருக்கிறதே என்று நெப்போலியன் கேலி பேசினார். கிளம்பியது அக்டோபர் 19; முதற்பனி விழுந்தது நவம்பர் முதல் வாரத்தில். இடையில் இருந்த நாள்களில் படை குளிருக்கு எதுவும் செய்யவில்லை.

படை செய்யாததைத் தனி ஆள்கள் தம் போக்கில் செய்துகொண்டார்கள். எரிந்த மாஸ்கோவில் மென்மயிர் உடைகளுக்குக் குறைவில்லை, அள்ளியவர்கள் அள்ளினார்கள். காவற்படைச் சார்ஜன்ட் பூர்கோன் என்பவர் தம் முதுகுப்பையில் இருந்ததை வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார்: சர்க்கரை, அரிசி, கொஞ்சம் ரொட்டி, பொன்னும் வெள்ளியும் கோத்த சீனப் பட்டாடை, ஒரு பெண்ணின் குதிரையேற்ற மேலங்கி, இன்னும் என்னென்னவோ. உடம்பிலோ, ஒரு பெண்ணின் பாவாடையிலிருந்து அவரே தைத்துக்கொண்ட பஞ்சு வைத்த மஞ்சள் பட்டு உள்மேலாடை, அதன்மேல் எர்மின் மென்மயிர் வைத்த பெரிய கழுத்துப்பட்டி. தேறிய பழைய வீரர் அவர். குளிர் வருமென்று ஓரளவு உணர்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் பையில் எடை கூட்டியது சீனப் பட்டு! கொள்ளைப் பொருளையும் குளிருடையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மனநிலையிலேயே அன்று பலரும் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வழியில் இருந்த ஸ்மோலென்ஸ்க் நகரைத் தாண்டியபின் சீருடை என்று எதுவும் மிஞ்சவில்லை. பெண்களின் பட்டு மேலங்கி, பாதிரியார் பூசைக்கு உடுத்தும் பொன்னிழை அங்கி, சன்னல் திரை, கம்பளம், குதிரைப் போர்வை, அப்போதுதான் உரித்த தோல் என்று கிடைத்ததையெல்லாம் சுற்றிக்கொண்டார்கள். காலில் கந்தலும் வைக்கோலும் ஆட்டுத்தோல் துண்டும் வைத்துக் கட்டிய மூட்டைகள். ஜெர்மானிய நாடான வூர்ட்டம்பெர்க்கின் பீரங்கிப்படை அதிகாரி ஃபாபர் து ஃபோர் அந்தப் பயணத்தில் கூடவே நடந்து வரைந்த காட்சிகளைப் பார்த்தால், அதிகாரி யார், சிப்பாய் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. நெப்போலியனே தம் அடையாளமான சாம்பல்நிற மேலங்கியை விட்டுவிட்டு, பொற்சரிகை பிணைத்த பச்சை வெல்வெட் மென்மயிர் அங்கியும் மென்மயிர்த் தொப்பியும் அணிந்து, கையில் கோலூன்றிச் சில தொலைவு நடந்தார்.

குளிர் எவ்வளவு என்று கேட்பீர்கள். தலைமை அறுவை மருத்துவர் லாரே தம் கோட்டின் முன்புறத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தார். ரேமூர் எனும் பழைய வெப்ப அளவில் டிசம்பர் 6 அன்று −30 என்று, அந்தப் படை தேய்ந்ததைக் காட்டப் பிற்காலத்தில் மினார் வரைந்த புகழ்பெற்ற வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. செல்சியசில் அது −37.5. உங்கள் மாணவர்களுக்கு அளவுமாற்றக் கணக்காகவே கொடுக்கலாம்.

அந்த நிலையில் ஆடைதான் பணம். விழுந்தவன் சாவதற்கு முன்பே அவன் காலணியைக் கழற்றியவர்கள் உண்டு. ரஷ்யப் படையின் குதிரைவீரர்களான கொசாக்குகள் பிடித்த கைதிகளின் உடையை முழுவதும் உரித்துக்கொண்டு அம்மணமாக விரட்டியதை, ரஷ்யப் படையோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் வில்சன் கண்டு எழுதியிருக்கிறார்.

பதில் 4: வடதிசை

பிரெஞ்சுக்காரர்கள் குளிரில் செத்தார்கள், ரஷ்யர்கள் குளிர்ந்த நாட்டுக்காரர்கள் என்பதால் கவலையின்றித் துரத்திவந்தார்கள் என்ற நினைப்பு இந்த உரையாடலிலும் ஓரமாக நிற்கிறது. அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம்.

ரஷ்யச் சிப்பாயிடமும் அடிப்படையில் இருந்தது கம்பளிக் கோட்டும் சாம்பல்நிற ‘ஷினெல்’ மேலங்கியும்தான். கோடையில் அதைச் சுருட்டி வளையமாகத் தோளில் குறுக்கே போட்டுக்கொள்வான். வாள்வெட்டுக்கும் அது ஒரு தடுப்பு. அவனுக்கு இருந்த மேம்பாடுகள் சிறியவை, ஆனால் சரியான இடத்தில் இருந்தவை. அவனுடைய குளிர்காலக் கால்சட்டையின் கீழ்ப்பகுதி தோலால் ஆனது. காலில் உயர்ந்த பூட்சும், உள்ளே காலுறைக்குப் பதிலாகப் ‘போர்த்யான்கி’ என்ற நீள்சதுரத் துணியும். இந்தத் துணியைச் சுருக்கம் விழாமல் சுற்றுவது ஒரு கலை. சுற்றத் தெரிந்தவனுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: ஒரு முனை நனைந்தால் அவிழ்த்து மறுமுனையை உள்ளங்காலுக்குக் கொண்டுவந்துவிடலாம். ரஷ்யப் படை இதை 21ஆம் நூற்றாண்டு வரை கைவிடவில்லை.

இதற்கு மேலே, மாஸ்கோவுக்குத் தெற்கே தருத்தினோ முகாமில் இருந்தபோதே ரஷ்யத் தலைமைத் தளபதி குத்தூசவ் மாகாணங்களிலிருந்து ஆட்டுத்தோல் அரைக்கோட்டுகளையும் பூட்சுகளையும் திரட்டச் செய்தார். வந்தவை எல்லாருக்கும் போதவில்லை, பல சுமைகள் பின்தங்கிவிட்டன. விளைவைப் பாருங்கள்: ஏறத்தாழ ஒரு லட்சம் பேரோடு தருத்தினோவிலிருந்து புறப்பட்ட அவருடைய முதன்மைப் படை, டிசம்பரில் வில்னாவை (இன்றைய வில்னியுஸ்) அடைந்தபோது சுமார் 27,500 பேராகச் சுருங்கியிருந்தது. எல்லாரும் இறந்துவிடவில்லை, பெரும்பகுதியினர் நோயாளிகளாக மருத்துவமனைகளில் கிடந்தார்கள். ஆனாலும், துரத்தியவனையும் குளிர் விட்டுவைக்கவில்லை.

நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே ரஷ்யப் படையிடமிருந்தே கிடைக்கிறது. ஸ்வீடனோடு நடந்த போரில், 1809 மார்ச்சில், உறைந்துபோன பாத்னியா வளைகுடாவின் பனிக்கட்டி மீதே நடந்து ரஷ்யர்கள் எதிரிக்கரை சேர்ந்தார்கள். ஓலாந்துத் தீவுகள் வழியே தளபதி பக்ரத்தியோன். வடக்கே குவார்க்கன் நீரிணை வழியே தளபதி பார்க்ளே. திறந்த கடற்பனியில் நெருப்பு மூட்ட விறகு கிடையாது, ஒதுங்க மரம் கிடையாது. அப்படியிருந்தும் படை குலையாமல் சென்றது. நாள் குறித்து, உடை கொடுத்து, தொலைவை அளந்து அனுப்பிய சில நாள் பயணம் அது. மாஸ்கோச் சாலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

உடை மட்டும் ஆளைக் காப்பாற்றாது என்பதற்கு பிரெஞ்சுத் தளபதி லுவாசோன் தலைமையிலான பிரிவையும் சொல்ல வேண்டும். மாஸ்கோவையே கண்டிராத, ஜெர்மனி வழியே புதிதாக வந்த இளம் வீரர்கள் அவர்கள். ஏறக்குறைய 10,000 பேர். திரும்பிவரும் படைக்குத் துணையாக டிசம்பர் தொடக்கத்தில் வில்னாவிலிருந்து கிழக்கே அனுப்பினார்கள். உடுப்பு கிழியவில்லை, வயிறு காயவில்லை. திறந்தவெளியில் கழித்த சில இரவுகளிலேயே பெரும்பகுதி அழிந்துபோனது. வெயிலுக்குப் பழகிய நேப்பிள்ஸ் குதிரைவீரர்கள் நேர்த்தியான அணிவகுப்பு உடையில் நெப்போலியனின் வண்டிக்குக் காவலாக ஓடி, விரல்களையும் பாதங்களையும் இழந்ததும் அதே வாரத்தில்தான்.

ஆகையால் தையற்காரர் மகன் காலணியைக் குற்றவாளி ஆக்குவதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கொருன்னாவில் அது சரி. −30க்குக் கீழே, வெந்த உணவும் கூரையும் இல்லாமல், அன்றைய எந்தப் படையின் முழு உடையும் மூன்று இரவுக்கு மேல் போதாது.

பதில் 5: தையற்காரர் மகன்

பாதி ஒப்புதலே எனக்குப் போதும். குதிரைக்கும் காலணி உண்டு என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறேன். கோலென்கூர் தம் பொறுப்பில் இருந்த அரண்மனைக் குதிரைகளுக்குக் குளம்பு லாடத்தில் பனிக்கூர் ஆணி வைத்திருந்தார். போலந்துக் குதிரைப்படையும் அப்படியே. மற்றவர்களின் குதிரைகள் பனிக்கட்டிச் சரிவுகளில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தன. குதிரை விழுந்ததால் வண்டி நின்றது, வண்டி நின்றதால் அதிலிருந்த அங்கியும் காலணியும் வீரனுக்கு வந்து சேரவில்லை. ஆகவே என் வழக்கு இன்னும் காலடியில்தான் நிற்கிறது.

குமிழி:

சிரித்துவிட்டேன். இனிப் பொத்தான். 13.2 பாகைக்குக் கீழே வெண்ணிற வெள்ளீயம் சாம்பல்நிற வடிவத்துக்கு மாறும் என்பது உண்மையான வேதியியல். அது பொத்தானில் நடந்ததா இல்லையா?

பதில் 6: அருங்கலம்

நடந்ததற்குச் சான்று இல்லை. நடக்காது என்று கருதப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, பொத்தான் என்ன உலோகம் என்பது. பிரெஞ்சு வரிசைக் காலாட்படையின் பொத்தான்கள் படைப்பிரிவு எண் பொறித்த பித்தளைப் பொத்தான்கள். காவற்படைக்குக் கழுகு பொறித்த பித்தளை. வெள்ளை உலோகப் பொத்தான் இலகுக் காலாட்படை போன்ற சில பிரிவுகளுக்கு மட்டுமே. அதுவும் தூய வெள்ளீயம் அன்று, ஈயமும் பிறவும் கலந்த மலிவான கலப்பு. உள்ளாடைப் பொத்தான்கள் எலும்பிலும் செய்யப்பட்டன. எலும்புக்கு எந்தப் புறவேற்றுமை வடிவமும் கிடையாது!

இரண்டாவதை நீங்களே வகுப்பில் சொல்லலாம். 13.2 பாகை என்பது மாற்றம் சாத்தியமாகத் தொடங்கும் வெப்பநிலை. அந்த அளவில் மாற்றம் நடப்பதே தெரியாது. வேகமாக நடக்க மிகக் கடுமையான குளிரும் நீண்ட காலமும் வேண்டும், தொடங்கி வைக்க ஒரு விதைத்துகளும் இருந்தால் நல்லது. ஈயமோ ஆன்டிமனியோ சிறிதளவு கலந்திருந்தாலே அது தடைப்படும். மனித உடம்போடு ஒட்டிய பொத்தானில், ஆறு வாரத்தில், அழுக்குக் கலப்பு உலோகத்தில் அது நடக்க வாய்ப்பில்லை. ஆவணப்பட்ட நிகழ்வுகள் வேறு வகை: ஜெர்மனியின் சைட்ஸ் நகரத் தேவாலயத்தின் பழைய வெள்ளீய ஆர்கன் குழல்கள் சிதைந்ததை 1851இல் எர்ட்மான் எழுதினார், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிடங்கில் இருந்த தூய வெள்ளீயக் கட்டிகள் கடுங்குளிரில் உதிர்ந்ததை 1860களின் இறுதியில் ஃபிரிட்சே ஆராய்ந்தார். ரஷ்யக் குளிர், வெள்ளீயம் என்ற இரண்டு சொற்களும் அங்கே சேர்ந்தபிறகுதான் யாரோ நெப்போலியனையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, நேர்ச்சான்று. 2001இல் வில்னியுஸ் நகரில் பழைய சோவியத் படைமுகாம் இருந்த இடத்தில் கட்டட வேலைக்குத் தோண்டும்போது ஒரு பெருங்குழி வெளிப்பட்டது. 3,000க்கும் மேற்பட்ட உடல்கள். 1812 டிசம்பரில் அங்கே வந்து மாண்ட வீரர்கள். துணி இற்றுப்போன இடங்களில் எண் பொறித்த பொத்தான்கள் இருந்தன. அவற்றைக் கொண்டே யார் எந்தப் படைப்பிரிவு என்று அடையாளம் காண முடிந்தது.

அந்தக் குழியிலேயே பொத்தானைவிடப் பெரிய விடை ஒன்றும் கிடைத்தது: சீலைப்பேன். 2006இல் வெளிவந்த ஆய்வில், மண்ணில் கிடைத்த பேன் எச்சங்களிலும் 35 வீரர்களின் பற்களிலும் நோய்க்கிருமிகளின் மரபணுவைத் தேடினார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் பேன் பரப்பும் டைஃபஸ் அல்லது அகழிக் காய்ச்சலின் தடயம் இருந்தது. 2025இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனம் வேறு 13 பேரின் பற்களை ஆராய்ந்து, பாராடைஃபாய்டு கிருமியையும் பேன் பரப்பும் மறுசுரக் கிருமியையும் கண்டது. சீலைப்பேன் வாழ்வது உடம்பில் அன்று, துணியின் தையல் மடிப்புகளில். குளிருக்கு அஞ்சி இரவும் பகலும் கழற்றாத சட்டை, அதன்மேல் கோட்டு, அதன்மேல் அங்கி, அதன்மேல் செத்தவனிடமிருந்து உருவிய இன்னோர் அங்கி என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு அடுக்கும் அதற்கு ஒரு வீடு. உடல் சில்லிட்டதும் பேன் அதை விட்டு அடுத்த சூடான ஆளுக்கு நகர்ந்துவிடும்.

குமிழி:

அடுத்த வாரம் அதே பாடத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிடங்கை வைத்துக்கொள்கிறேன். நெப்போலியனை விலங்கியல் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். அந்த மாணவியின் கயிற்றுக் கேள்விக்கு மட்டும் ஒரு வரி?

பதில் 7: வடதிசை

கட்டிக்கொண்டார்கள். கந்தல் கிழித்த நாடா, தோல்வார், கையில் கிடைத்த கயிறு எல்லாம் உண்டு. சன்னல் திரைக்கும் குதிரைப் போர்வைக்கும் முதலிலிருந்தே பொத்தான் கிடையாது என்று அவளிடம் சொல்லுங்கள்.